தீவில் நிறுத்தப்பட்டவர்களுக்குச் சோற்றோடு ஒரு தேதியும் வேண்டும்

கடந்த ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் காலை நடையின்போது, ஓய்வுபெற்ற வங்கி அலுவலரான நண்பர் ஒருவருடன், கிரேக்கத் தீவுகளுக்குப் படகில் வந்து தஞ்சம் கேட்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "அங்கே நல்லபடியாகக் கவனித்தால் இன்னும் ஆயிரம் பேர் கிளம்பி வருவார்கள், சிஸ்டர். கொஞ்சம் கஷ்டத்தில் வைத்திருந்தால்தான் கூட்டம் குறையும்" என்றார். அவர் இரக்கமில்லாதவர் அல்லர்; 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது தம் வீட்டு மாடியை நான்கு குடும்பங்களுக்குத் திறந்துவிட்டவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்தும் இந்தச் சொல் வருகிறது என்றால் இதைப் பலரும் நம்புகிறார்கள் என்றே பொருள். அவருக்கு அங்கேயே சுருக்கமாக ஒரு பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் முப்பது ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கடலூர்க் கடலோரத்தில் போடப்பட்ட தற்காலிகக் குடியிருப்புகளில் நாள்தோறும் நடந்திருக்கிறேன். ஒரு முகாம் எப்படி இருக்கிறது என்பதை அறிய நான் முதலில் எண்ணுவது குடிநீர்க் குழாய்களை, அடுத்துக் கழிப்பறைகளை, அதற்கடுத்துக் குழந்தைகளின் விரலிடுக்கில் சிரங்கு இருக்கிறதா என்பதை. பேரிடர் உதவியில் உலகெங்கும் பின்பற்றப்படும் ஸ்பியர் அளவுகோலும் ஏறத்தாழ இதையே எண்ணிக்கையாகச் சொல்கிறது: ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, படுத்துறங்க ஆளுக்கு மூன்றரைச் சதுர மீட்டர் கூரை.

கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் இருந்த மோரியா முகாமை இந்த அளவுகோலின் அருகில் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 3,000 பேருக்கென அமைந்த அந்த இடத்திலும் அதைச் சுற்றியிருந்த ஒலிவ மரத் தோப்பிலும் 2020-இன் தொடக்கத்தில் 20,000 பேரை நெருங்கும் அளவுக்கு மக்கள் இருந்தார்கள். முகாமின் சில பகுதிகளில் 1,300 பேருக்கு ஒரே குழாய்தான் இருக்கிறது, சோப்பு இல்லை, ஐந்தாறு பேர் கொண்ட குடும்பங்கள் மூன்று சதுர மீட்டருக்கு மேற்படாத இடத்தில் உறங்குகின்றன என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்த ஆண்டு மார்ச்சில், கொரோனா பரவத் தொடங்கிய வேளையில் அறிவித்தது. அடிக்கடி கை கழுவுங்கள் என்று உலகத்துக்கே சொல்லப்பட்ட மாதம் அது. சாமோஸ் தீவின் வாத்தி முகாம் 648 பேருக்கானது. அங்கே ஒரு கட்டத்தில் 7,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். 2020 செப்டம்பரில் மோரியா தீப்பற்றி எரிந்தபோது பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் சாலையோரத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் படுத்தார்கள்.

இப்போது நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். கஷ்டத்தில் வைத்தால் கூட்டம் குறையும் என்பது உண்மையானால், மோரியாவின் பெயர் உலகம் முழுதும் நாறிக்கிடந்த 2019-இல் கிரேக்கத் தீவுகளுக்கு எவரும் வந்திருக்கக் கூடாது. அந்த ஓராண்டில் மட்டும் கடல் வழியாக ஏறத்தாழ 60,000 பேர் வந்தார்கள். முகாமில் கழிப்பறை உண்டா என்று விசாரித்துவிட்டு எவரும் ஆப்கானிஸ்தானிலிருந்தோ சிரியாவிலிருந்தோ கிளம்புவதில்லை. 2016-இல் வருகை சரிந்தது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம், தீவுகளுக்கு வருபவர்களைத் துருக்கிக்கே திருப்பி அனுப்ப அந்த ஆண்டு மார்ச் 18 அன்று ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் செய்துகொண்ட உடன்பாடும் அண்டை நாடுகள் எல்லைகளை மூடியதும். முகாமின் அழுக்குக்கு அதில் பங்கில்லை. அழுக்கு எவரையும் தடுக்கவில்லை. வந்தவர்களை நோயாளிகளாக்கியது, அவ்வளவுதான்.

அந்த உடன்பாட்டின் ஒரு விளைவைத்தான் நான் எல்லாவற்றிலும் கொடியது என்று கருதுகிறேன். தீவில் இறங்கியவர் தம் விண்ணப்பம் முடிவாகும்வரை அந்தத் தீவை விட்டு வெளியேறக் கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்டார். சில நாள்கள் தங்கிப் பெயரைப் பதிந்துகொண்டு செல்வதற்கான இடம், மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் இடமாகிவிட்டது. பத்து நாளைக்கு எவரும் தரையில் படுத்து எழுந்துவிடலாம். எங்கள் மீனவ மக்கள் பள்ளிக்கூட வராந்தாக்களில் அப்படிப் படுத்து எழுந்தவர்கள்தாம். அதே தரை பத்தாவது மாதத்தில் அதே தரையாக இருப்பதில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிய தார் ஷீட் கொட்டகைகளுக்குள் சித்திரை வெயிலில் பத்து நிமிடம் நிற்க முடியாது. பச்சைக் குழந்தைகளின் கழுத்தெல்லாம் வியர்க்குரு வெடித்திருக்கும். நான் களிம்பும் உப்புக்கரைசல் பொட்டலமும் கொடுத்துக்கொண்டே போவேன். அரிசி வந்தது, பாய் வந்தது, பாத்திரம் வந்தது, ஒருவருக்கே மூன்று போர்வைகள்கூட வந்தன. ஆனால் இரண்டாம் கோடையில் ஒரு தாய் என்னிடம் கேட்டது மருந்தை அன்று. "நர்சம்மா, வூடு எப்பத் தருவாங்கன்னு யாராச்சும் ஒரு தேதி சொன்னாப் போதும், அதுவரிக்கும் இந்தச் சூட்டுலயே கிடந்துக்குறோம்" என்றாள். எனக்குத் தேதி தெரியாது. என் மேலதிகாரிக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அந்தக் கொட்டகை வரிசைக்குள் நுழையும்போதெல்லாம் என் பை நிறைய மருந்து இருந்தும் நான் வெறுங்கையோடு போவதாகவே உணர்ந்தேன்.

மோரியாவில் அந்தத் தேதியின்மை குழந்தைகளை என்ன செய்தது என்பதற்குப் பதிவு இருக்கிறது. 2018 பிப்ரவரி முதல் ஜூன் வரை அங்கே மருத்துவர்கள் நடத்திய குழு மனநலச் சிகிச்சைக்கு வந்த, 6 முதல் 18 வயதுக்குட்பட்ட 74 சிறாரில் 18 பேர் தம்மைத்தாமே காயப்படுத்திக்கொண்டவர்கள், அல்லது உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள், அல்லது அப்படி எண்ணியவர்கள். என் பணிக்காலம் முழுதும் ஆறு வயதுக் குழந்தைக்குச் சாக வேண்டும் என்ற எண்ணம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

மோரியா எரிந்த பிறகு ஐரோப்பிய ஒன்றியம் லெஸ்போஸ், கியோஸ், சாமோஸ், லெரோஸ், கோஸ் ஆகிய ஐந்து தீவுகளிலும் புதிய மையங்கள் கட்ட 276 மில்லியன் யூரோ ஒதுக்கியது. அவற்றில் முதலாவது 2021 செப்டம்பரில் சாமோஸின் செர்வூவில் திறக்கப்பட்டது. கூடாரங்களுக்குப் பதில் வரிசையாகக் கொள்கலன் அறைகள் வந்தன. குளிரூட்டியும் விளையாட்டுத் திடலும் வந்தன. இவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எலி ஓடும் கூடாரத்தைவிட அந்த அறை மேலானது. ஆனால் அதைச் சுற்றி இரட்டை வேலியும் முள்கம்பியும் கண்காணிப்புக் கேமராக்களும் நிற்கின்றன, ஊரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, அட்டையும் கைரேகையும் வைத்துத்தான் உள்ளே போக முடியும், இரவில் வாயில் மூடப்படும். குற்றம் எதுவும் செய்யாத ஒருவரை, அவர் மனுவைப் படித்து முடிக்க எங்களுக்கு நேரம் வேண்டும் என்பதற்காக, வேலிக்குள் வைப்பதை வரவேற்பு மையம் என்று அழைப்பது அந்தச் சொல்லுக்கே அநீதி. இதே 2021 அக்டோபரில், தஞ்சம் கோருவோருக்கான பண உதவித் திட்டம் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையத்திடமிருந்து கிரேக்க அரசுக்குக் கைமாறியபோது, மாதக்கணக்கில் பணம் வரவில்லை. கொள்கலனுக்குக் கோடிகள் இருந்தன, ஒரு தாய் கடையில் தக்காளி வாங்கிச் சமைக்கத் தேவையான சிறு தொகை மட்டும் நின்றுபோனது.

இது ஐரோப்பாவின் பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு தீவுகளை நினைவூட்டுகிறேன். ஆஸ்திரேலியாவின் பிலோயெலா என்னும் சிற்றூரில் வாழ்ந்துவந்த ஈழத் தமிழ்த் தம்பதியும் அந்நாட்டிலேயே பிறந்த அவர்களுடைய இரு பெண் குழந்தைகளும் 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூன் வரை கிறிஸ்துமஸ் தீவில் தடுத்து வைக்கப்பட்டார்கள். இளைய குழந்தையின் இரத்தத்தில் நோய்த்தொற்று பரவி, பெர்த் மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுசெல்லப்பட்ட பிறகே அந்தத் தீவுவாசம் முடிந்தது. இரண்டாவது தீவு, இந்தியப் பெருங்கடலில் அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த தியேகோ கார்சியா. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் புறப்பட்ட ஈழத் தமிழர்களின் மீன்பிடிப் படகு நடுக்கடலில் பழுதாகி அங்கே கொண்டுசேர்க்கப்பட்டது. காவலர் சூழ்ந்த வேலிக்குள், கூடாரங்களில், குழந்தைகள் உட்படப் பலர் மூன்றாண்டுகளுக்கு மேல் கிடந்தார்கள். பட்டினிப் போராட்டங்களும் தற்கொலை முயற்சிகளும் நடந்தன. 2024 டிசம்பரில்தான் அந்த ஆட்சிப் பகுதியின் உச்ச நீதிமன்றம் அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலானோர் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். தமிழில் அழுத அழுகை அந்தத் தீவிலிருந்து நமக்குக் கேட்க மூன்றாண்டுகள் ஆயின என்பதை நினைத்து நான் வெட்கப்படுகிறேன்.

இந்தத் தீவுகளின் மக்களையும் குற்றவாளிகளாகப் பேச எனக்கு மனமில்லை. 2015-இல் லெஸ்போஸின் மீனவர்கள் வலையை விட்டுவிட்டு மூழ்கியவர்களைத் தூக்கினார்கள். கரையில் இருந்த மூதாட்டிகள் யாரோ பெற்ற குழந்தைக்குப் புட்டியில் பால் புகட்டினார்கள். அவர்களில் பலர் 1922-இல் ஆசியா மைனரிலிருந்து அகதிகளாக ஓடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள். நான்காண்டுகள் கழிந்த பின் அதே ஊர்களில் கசப்பு வளர்ந்தது என்றால், ஒரு கண்டம் சுமக்க வேண்டியதை ஒரு சிறு தீவின் தலையில் வைத்ததே அதற்குக் காரணம். நம் கடலோரக் கிராமம் ஒன்றில் ஊர் மக்கள்தொகையைவிட அதிகமானோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மருத்துவமனையில் ஒரு செவிலியரைக்கூடக் கூட்டாமல் போனால் நாமும் அப்படித்தான் ஆவோம்.

எனவே, நண்பர் கேட்டதற்கு என் பதில் இதுதான். தீவு என்பது இறங்கும் துறையாக மட்டும் இருக்க வேண்டும். ஈர உடையை மாற்றி, காயத்தைக் கட்டி, கர்ப்பிணியையும் தனித்து வந்த சிறுவரையும் முதலில் பிரித்தெடுத்து, பெயரைப் பதிந்து, சில நாள்களில் பெருநிலத்தின் பல ஊர்களுக்கும் பல நாடுகளுக்கும் பகிர்ந்து அனுப்ப வேண்டும். கிரேக்கத்திலேயே வாடகை வீடுகளில் குடும்பங்களைத் தங்கவைத்த எஸ்தியா திட்டம் பல ஆண்டுகள் நடந்தது; அதை 2022 டிசம்பரோடு மூடினார்கள். விண்ணப்பத்துக்கு எந்த நாளுக்குள் பதில் வரும் என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். பதில் மறுப்பாகவே இருந்தாலும் அது தெரிந்த நாளில் வர வேண்டும்.

இதை எழுதும்போது என் விரல் என் மாவட்டத்தையும் சுட்டுகிறது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. குறிஞ்சிப்பாடி பக்கத்து அம்பலவாணன்பேட்டையிலும், புதுச்சேரியைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டிலும் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான முகாம்களில், பத்துக்குப் பத்து அறைகளில் பிறந்து, அங்கேயே திருமணமாகி, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். 2021-இல் தமிழக அரசு 317 கோடியே 40 லட்சம் ரூபாய்த் திட்டத்தில் 7,469 புதிய வீடுகளை அறிவித்து, குடும்பத் தலைவருக்கான மாத உதவியை 1,500 ரூபாயாக உயர்த்தி, அகதி என்ற சொல்லை நீக்கி மறுவாழ்வு முகாம் என்று பெயர் வைத்தபோது நான் மனதார மகிழ்ந்தேன். ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளில் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கும், மோரியாவில் உணவு வரிசையில் நின்ற பெண்ணுக்கும், எப்போது முடியும் என்ற கேள்வி ஒன்றே.

பணி ஓய்வுபெற்ற இரண்டு தோழியருடன் மாதம் ஒருமுறை இந்த முகாம்களில் ஒன்றுக்குச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து வருகிறேன். போன முறை அங்குள்ள பெண்கள், "அக்கா, பகலிலே எல்லோரும் வேலைக்குப் போயிடுறம், ஆறு மணிக்குப் பிறகு வந்தீங்கள் எண்டால் நாங்களும் காட்டலாம்" என்றார்கள். அடுத்த மாதம் முதல் மாலையில் செல்கிறோம். பதிவேடு எழுத ஆள் வேண்டும் என்று கடற்கரை நண்பரிடம் கேட்டேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.