லிங்க் போட்டால் போதாது, கேசட்டை இறக்குங்கள்

பாட்டுக் குழுக்களில் வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும்: "மழை பெய்தால் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் பாட்டு எது?" அவ்வளவுதான், கமெண்ட்கள் கொட்டும். "அட, எனக்கும் இதே பாட்டுதான் அண்ணே" என்று திண்டுக்கல்காரர் ஒருவர் சொல்ல, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இதயம் போட, இரண்டு பேரும் அன்றிலிருந்து நண்பர்கள். இந்தக் கூட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் கமெண்டில் போடும் அந்த யூடியூப் லிங்க்கில் இருப்பது பெரும்பாலும் நாம் கேட்டு வளர்ந்த பாட்டே இல்லை. மெட்டும் குரலும் அதேதான், ஒலிப்பதிவு வேறு. மோனோவில் வந்ததை ஸ்டீரியோ ஆக்கியிருப்பார்கள், எதிரொலி சேர்த்திருப்பார்கள், சத்தத்தை ஒரே மட்டத்துக்கு ஏற்றியிருப்பார்கள். படத்தில் வரும் பாட்டுக்கும் ரெக்கார்டில் வந்த பாட்டுக்கும் ஒரு சரணம் கூடக் குறைய இருக்கும். சுருதியே கொஞ்சம் மாறியிருப்பதும் உண்டு. உங்கள் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒலிப்பதிவு பரண்மேல் அட்டைப்பெட்டிக்குள் கேசட்டாகக் கிடக்கிறது. அதை இறக்கி, ஒழுங்காகக் கணினியில் ஏற்றுங்கள் என்பதுதான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டிங் சென்டர் காலத்தை இன்றைய பிளேலிஸ்ட் தலைமுறைக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு தாளில் பாட்டு வரிசை எழுதிக் கடையில் கொடுப்போம், காலிக் கேசட்டில் அதே வரிசையில் பதிந்து தருவார்கள். 60 கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் 27 நிமிடம் போய்விடும். மிச்சம் மூன்று நிமிடம் இருக்கிறதே, அங்கேதான் கடைக்காரரின் குணம் தெரியும். சிலர் மூன்று நிமிடத்துக்குள் முடியும் ஒரு பழைய பாட்டைத் தேடிப் போடுவார்கள். சிலர் ஏழாவது பாட்டை ஆரம்பித்துவிட்டு, நாடா தீரும் இடத்தில் தீரட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்தக் கேசட்டில் வளர்ந்தவருக்கு அந்தப் பாட்டு இன்றைக்கும் இரண்டாவது சரணத்தின் நடுவில்தான் முடியும். ஒரு பாட்டின் கடைசி ஸ்வரம் அடங்கியதும் அடுத்த பாட்டின் முதல் கிடார் மனதுக்குள் தானாக ஓடும், அவை இரண்டும் வேறு வேறு படமாக இருந்தாலும். ஸ்பாட்டிஃபையில் இந்த வரிசை கிடைக்காது. ஒரே ஊரில் ஒரே கடையில் பதிந்த இரண்டு பேர் சந்தித்தால் இந்த வரிசையை வைத்தே ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இதைவிடப் பொக்கிஷம் ரேடியோவிலிருந்து பதிந்தவை. 1952இல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை விரட்டியடித்தார். நேயர்கள் கூட்டமாக ரேடியோ சிலோன், அதாவது இலங்கை வானொலி பக்கம் போனார்கள். 1957இல் அகில இந்திய வானொலியே சினிமாப் பாட்டு போடும் விவித பாரதியைத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பிறகு ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன் வீட்டுக்கு வந்ததும் இலங்கை வானொலியைப் பதிந்து வைத்தவர்கள் தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் நிறைய. அந்தக் கேசட்டில் பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் மின்னல் வேகப் பேச்சோ பி.எச். அப்துல் ஹமீதின் அட்சர சுத்தமோ இருக்கும். நேயர் விருப்பத்தில் ஊர் ஊராகப் பெயர் வாசிப்பது இருக்கும். பாட்டை எந்த நிறுவனமும் விற்கும். பாட்டுக்கு முன்னால் இருக்கும் அந்த நாற்பது விநாடியை யாரும் விற்பதில்லை. ஆனால் நம் ஆட்கள் கணினியில் ஏற்றும்போது முதலில் வெட்டி எறிவது அதைத்தான்!

சரி, வேலைக்கு வருவோம்.

கேசட்டை எடுத்ததும் நேராக டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் கருவியில் போடாதீர்கள். முதலில் கேசட்டின் நடுவில் இருக்கும் கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைத் தூள் படிந்திருந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் நாடாவை இழுக்கும் ரோலரிலும் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். பூஞ்சைக் கேசட்டுகளைத் தனியே பிரித்து வைத்து, கடைசியில், வேறு ஒரு பழைய டெக்கில், துணியால் மெல்லத் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கேசட்டின் திறந்த பக்கத்தில் நாடாவுக்குப் பின்னால் சின்னச் செம்புத் தகட்டில் ஒரு பஞ்சுத்துண்டு இருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். விழுந்தால் சத்தம் குறையும், மேல் ஸ்தாயி மொத்தமும் மங்கும், பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்கும். பலர் "கேசட் போச்சு" என்று தூக்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான். உதவாத கேசட் ஒன்றிலிருந்து தகட்டோடு எடுத்துச் செருகினால் சரியாகிவிடும். ஐந்து திருகு போட்ட கூடு என்றால் திறப்பது சுலபம். ஒட்டிய கூடு என்றால் ஓரத்தில் கத்தி வைத்துப் பிளந்து, இரண்டு சுருளையும் திருகு போட்ட காலிக் கூட்டுக்கு மாற்ற வேண்டும். நாடா எந்த உருளையைச் சுற்றி எப்படிப் போகிறது என்று திறந்தவுடன் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

நாடா அறுந்திருந்தால் செல்லோடேப் போடவே கூடாது. அதன் பசை வெயிலில் கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு ஓட்டும்போது அங்கேயே பிய்த்துக்கொள்ளும். நாடா ஒட்டுவதற்கென்றே விற்கும் டேப்பை, ஹெட்டில் உரசாத உள்பக்கத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். 90 கேசட்டில் கூடுதல் கவனம் தேவை: 60இன் நாடா 16 முதல் 18 மைக்ரான் தடிமன் என்றால், 90இல் சுமார் 12தான். 120 இன்னும் மோசம், 9 மைக்ரான். இழுத்தால் நீண்டுவிடும்.

வருடக்கணக்கில் சும்மா கிடந்த நாடாவை ஒரு முறை முழுதாக முன்னோட்டி, முழுதாகப் பின்னோட்டிவிட்டுத்தான் கேட்க வேண்டும். ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் பிரிந்து இழுவை சீராகும். முதல் சில சுற்றைப் பென்சில் விட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகினால் டெக்கில் போட வேண்டாம்.

டெக் பக்கம்: ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம் இருந்தால் நல்லது, காது குடையும் பஞ்சுக்குச்சி. ஹெட், அதன் பக்கத்தில் சுழலும் இரும்புத் தண்டு, ரப்பர் ரோலர் மூன்றையும் பஞ்சில் பழுப்பு வராத வரை துடையுங்கள். பழைய கேசட் என்றால் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஒரு துடைப்பு.

இனி வருவதுதான் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாதது. ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்னத் திருகு ஒன்று இருக்கும். ஹெட்டின் இடுக்கு நாடாவுக்குச் சரியான செங்குத்தில் நிற்கிறதா என்பதை அது தீர்மானிக்கிறது. உங்கள் கேசட்டைப் பதிந்தது கடைக்காரரின் டெக். அதன் சாய்வு வேறு, உங்கள் டெக்கின் சாய்வு வேறு. இந்த வித்தியாசம்தான் ஜால்ராவையும் சலங்கையையும் தின்கிறது. ஹெட்போனில் இரண்டு காதுக்கும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே, காந்தம் இல்லாத திருப்புளியால் அந்தத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் அசையுங்கள். ஓரிடத்தில் "ஸ", "ச" எல்லாம் சட்டென்று தெளியும். அங்கே நிறுத்துங்கள். தொடங்கும் முன் திருகின் தலையில் ஒரு பேனாக் குறி வைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப வசதி. ஸ்பிரிங் இல்லாத எதிர்ப்பக்கத் திருகைத் தொடாதீர்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும். ஆன்லைனில் மலிவாக வரும் யூஎஸ்பி கேசட் பிளேயர்களை நான் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பலவற்றில் அந்தத் திருகுக்கு வழியே இருக்காது, ஓட்டமும் சீராக இருக்காது. வயலின் நீட்டிப் பிடிக்கும் இடத்தில் ஸ்வரம் ஆடுவதைக் கேட்டாலே தெரிந்துவிடும். பழைய டெக் ஒன்றை வாங்கி, பெல்ட் மாற்றிக்கொள்வது எவ்வளவோ மேல்.

இரைச்சலைக் குறைக்க டெக்கில் இருக்கும் டால்பி பொத்தானை அணைத்தே வையுங்கள். ரெக்கார்டிங் சென்டர் கேசட்டுகள் பெரும்பாலும் டால்பி இல்லாமல் பதிந்தவை. பொத்தானைப் போட்டால் இரைச்சலோடு பாட்டின் உயிரும் போய்விடும்.

வேகம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். ஆறு சதவீதம் தப்பினால் சுருதி அரைக் கட்டை மாறும். வீட்டில் டூ-இன்-ஒன்னில் பதிந்தவற்றில் ஒரு வினோதம் உண்டு. பேட்டரி தீரும் நேரத்தில் மோட்டார் மெதுவாக ஓடியிருக்கும். அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு வேகமாகவும் கீச்சென்றும் வரும். அதுவும் பக்கத்தின் கடைசிக்குப் போகப் போக அதிகமாகும். இதற்கு மோட்டாரைத் திருகாதீர்கள். அப்படியே ஏற்றிவிட்டு, கணினியில் பாட்டுப் பாட்டாக வேகத்தை மாற்றுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் வசதியைத்தான் எடுக்க வேண்டும். சுருதியை மட்டும் மாற்றினால் தாளம் தப்பாகவே நிற்கும்.

கணினியில் ஏற்றும்போது மைக் துளையில் செருகுவது பெரும் பாவம். பல மடிக்கணினிகளில் அது மோனோ, மேலும் அது எதிர்பார்ப்பது மிகச் சன்னமான சிக்னல். டெக்கிலிருந்து வருவது அதைத் தாங்காமல் கரகரக்கும். டெக்கின் சிக்னலைத் தாங்கும் லைன் இன் துளை உள்ள யூஎஸ்பி ஆடியோ பெட்டி ஒன்று போதும். பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். மிக உரத்த இடம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. உச்சி வெட்டுப்பட்டால் எந்த மென்பொருளும் திருப்பித் தராது. நிமிடத்துக்கு 17 எம்பி ஆகும், 60 கேசட் முழுதும் ஒரு ஜிபிக்குச் சற்று மேல். ஃப்ளாக் (FLAC) என்ற கோப்பு வகைக்கு மாற்றினால் பாட்டின் தரம் துளியும் குறையாமல் இடம் மட்டும் நன்றாகவே குறையும். வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 பிரதி தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பக்கத்துக்கு ஒரே கோப்பு. பாட்டுப் பாட்டாக வெட்டியது இரண்டாம் பிரதியாக இருக்கட்டும். மூலக்கோப்பில் அறிவிப்பாளர் பேச்சு, நடுவில் அறுந்த பாட்டு, பட்டன் அழுத்தும் "டக்", பின்னால் யாரோ "ஏய் சத்தத்தைக் குறை" என்று கத்துவது எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். உள்ளட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். அந்தக் கையெழுத்து எந்தக் கடையுடையது என்று குழுவில் யாராவது சொல்லிவிடுவார்கள். அங்கிருந்து தொடங்கும் பேச்சு ஒரு வாரம் ஓடும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருள்காரர்களோடு எனக்குத் தீராத சண்டை. நாடாவின் "ஸ்ஸ்ஸ்" ஒலியும் சலங்கையின் மேல் ஒலிகளும் ஒரே அதிர்வெண் பகுதியில்தான் இருக்கின்றன. ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போகும், மெல்லிய இடங்களில் தண்ணீருக்குள் பாடுவதுபோல் ஒரு குளுகுளுப்பு மிஞ்சும். செய்தே தீருவேன் என்றால் பிரதியில், 6 டெசிபலுக்கு மேல் குறைக்காமல் செய்யுங்கள். மூலத்தில் கை வைக்க வேண்டாம்.

பகிரும்போது இன்னும் இரண்டு விஷயம். பாட்டாசிரியர் பெயரை உள்ளட்டையை மட்டும் நம்பிப் போடாதீர்கள். வாலி எழுதியதைக் கண்ணதாசன் கணக்கில் எழுதுவது அந்தக் காலக் கடைக்காரர்களிலிருந்து இந்தக் கால ஃபார்வர்டு வரை தொடர்கிறது. இசைத்தட்டு லேபிளையோ படத்தின் டைட்டிலையோ பாருங்கள். உரிமை விஷயம்: இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் காலமானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1981இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 முடியும்வரை. ஆகவே முழுக் கேசட்டையும் பொதுவில் ஏற்றினால் தடை வரும், வருவதும் நியாயம்தான். நாலைந்து பேர் கூடி ஒரு வீட்டில் கேளுங்கள். கேட்கும்போது யாரும் பேச வேண்டாம், முடிந்ததும் "ஏன் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள், "அருமையான பாட்டு" என்ற ஒரே பதில்தான் வரும். "எங்கே கேட்டீர்கள், யார் பதிந்தது, எந்த செட்டில்?" என்று கேளுங்கள். டவுன் பஸ்ஸும் டீக்கடையும் கல்யாண வீட்டு மைக் செட்டும் தானாக வரும்.

வேலை முடிந்ததென்று கேசட்டைக் குப்பையில் போடாதீர்கள். நாளைக்கு இன்னும் நல்ல டெக் கிடைக்கலாம். முழுதாக ஒரு பக்கம் சுற்றி, டப்பாவில் நிமிர்த்தி வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, ஸ்பீக்கருக்கும் மொட்டைமாடிச் சூட்டுக்கும் தள்ளி வையுங்கள். பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள், பேரப்பிள்ளை ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது.

டெக் இல்லாதவர்கள் ஊர்ப் பெயரைக் கமெண்டில் சொல்லுங்கள். பக்கத்து ஊரில் டெக் வைத்திருப்பவர் கண்ணில் படட்டும். கேசட்டைக் கூரியரில் அனுப்ப வேண்டாம், நேரில் எடுத்துக்கொண்டு போங்கள்.