வேகம் மாறும், சேர்மானம் மாறாது

சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து இடைவிடாமல் பாயும் மின்னேற்றத் துகள்கள், பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதை வேகத்தை வைத்தே மெதுவானது, வேகமானது என்று இரண்டாகப் பிரித்துவிட்டது கட்டுரை. சரி, ஆனால் வழியில் வேகம் மாறிவிடுமே! எதனால் ஆனது என்பதுதான் மாறாது. இரும்பு, மக்னீசியம் போல எளிதில் எலக்ட்ரானை இழக்கும் தனிமங்கள், மெதுவான காற்றில் பெரும்பாலும் சூரியப் பரப்பில் இருப்பதைவிட 2 முதல் 4 மடங்கு அதிகம். கொரோனா துளைகளிலிருந்து (சூரியனின் வெளி வளிமண்டலத்தில் இருண்டு தெரியும் பகுதிகள்) வரும் வேகக் காற்றில் அந்த மிகுதி குறைவு. அப்புறம் ஆக்சிஜன். 6 எலக்ட்ரான் இழந்தவை எத்தனை, 7 இழந்தவை எத்தனை என்ற விகிதம் சூரியனுக்கு அருகிலேயே உறைந்துபோகிறது. எத்தனை கோடி கிலோமீட்டர் தாண்டி வந்தாலும் அதே விகிதம்தான். கிளம்பிய இடத்தின் வெப்பத்தை அதை வைத்தே கணக்கிடலாம். 1990இல் ஏவப்பட்ட யுலிசெஸ் விண்கலம் சூரியனின் துருவங்களுக்கு மேலே போய் இதையெல்லாம் அளந்தது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!