பூசி மினுக்கின பழைய வீடும் புல்லு விரிச்ச வளவும்

வன்னியில் பழைய நாற்சார் வீடு (நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டினது), ஒரு ஏக்கர் வளவு, முழுமையாகத் திருத்தியது, பாரம்பரியப் பூந்தோட்டத்துடன் விற்பனைக்கு என்று ஒரு விளம்பரம் வந்தால் வெளிநாட்டில் இருக்கிற எங்கட சனம் முதலில் விலையைத்தான் கேட்கிறது. எதைக் கொண்டு திருத்தினது என்று கேட்கிற ஆள் குறைவு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடு சரிந்து, காரை உதிர்ந்து, வளவு பற்றையாகக் கிடக்கிற வீடு கிடைத்தால் அதை வாங்குங்கோ. சீமெந்து பூசி, ரைல்ஸ் பதித்து, புல்லு விரித்துப் படம் எடுத்துப் போட்ட வீடென்றால் விலையை நன்றாக இறக்கிப் பேசுங்கோ. பிழையான திருத்தத்தைக் கழற்றி எடுக்கிற செலவு, திருத்தாத வீட்டைத் திருத்துகிற செலவை விடக் கூட வரும்.

வயதைப் பற்றிக் கொஞ்சம். வன்னியில் பழைய கல்வீடே அரிது. மண்சுவரும் ஓலையும் வைக்கோலும்தான் பெரும்பான்மை. விதானை, உடையார், வசதியான கமக்காரர் என்று சிலர்தான் கல்லால் கட்டினார்கள். அதிலும் 2008, 2009 போரில் கூரையும் கதவும் தப்பின வீடுகளை ஊருக்கு ஊர் விரல் விட்டு எண்ணலாம். ஆகவே வன்னியர் காலத்து மாளிகை என்று தரகர் சொன்னால் சிரித்துக்கொண்டு கேளுங்கோ. வன்னியின் கடைசி மன்னன் எனப்படும் பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் தோற்றதாக அங்கு நாட்டின நினைவுக்கல் சொன்ன ஆண்டு 1803. இலங்கையின் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2 இற்கு முந்தின கட்டடத்தைப் பண்டைய நினைவுச்சின்னக் கணக்கில் வைக்கிறது. தரகர் சொல்வது உண்மை என்றால் அந்த வீட்டில் சுவரைத் தொடுவதற்கும் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்க வேண்டி வரும்.

உண்மையான வயதுக்கு ஒரு ஓட்டைக் கழற்றிப் பாருங்கோ. மங்களூர் ஓடென்றால் பின்பக்கம் தொழிற்சாலைப் பெயர் பதிந்திருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபை மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865 இல், எனவே அந்த அச்சு உள்ள ஓடு அதற்கு முந்தினதாக இருக்காது. கைமரத்தில் இப்போதைய சிலாகைக்குச் சம்பந்தமில்லாத ஆணித் துளைகள் தெரிந்தால், முதலில் பீலி ஓடோ வேறெதுவோ கிடந்து பிறகு மாறியிருக்கிறது. சித்திர வேலைக் கதவைப் பார்த்து மயங்க வேண்டாம். கதவின் பூட்டும் நிலையின் துளையும் நேர் நிற்காவிட்டால் அது வேறு ஊர் வீட்டில் கழற்றி வந்த கதவு.

இனிச் சுவர். இதில்தான் காசு அழிகிறது. பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அத்திவாரத்துக்குள்ளால் ஈரம் மேலே ஏறும், பூச்சு சுண்ணாம்பாக இருந்தால் அந்த ஈரம் சுவர் முகத்தால் காய்ந்து போகும். அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. அது மேலும் மேலும் ஏறி, பூச்சுக்குப் பின்னால் உப்புப் பூத்து, செங்கல்லைத் தூளாக்கும். வெளியில் புதுப் பெயின்ற் பளபளக்க உள்ளே கல் மாவாகிக்கொண்டிருக்கும். ஒரு குத்திக் காசால் நிலத்திலிருந்து நாலு அடி உயரம் வரை தட்டிக்கொண்டு போங்கோ. பொள்ளென்று சத்தம் கேட்கிற இடத்தில் பூச்சு சுவரை விட்டு விலகிவிட்டது. அலுமாரிக்குப் பின்னாலும் தட்டுங்கோ, அலுமாரி அங்கே நிற்பதற்குக் காரணம் இருக்கும்.

திருத்துகிற முறை கடினமில்லை, பொறுமை வேணும். சீமெந்துப் பூச்சை உளியால் மெதுவாகக் கழற்றி, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காய விட வேணும். சுட்ட சுண்ணாம்பைக் குழியில் தண்ணீர் விட்டு நீற்றி, ஈரம் காயாமல் குறைந்தது மூன்று நாலு கிழமை கிடக்க விட்டு, அரித்து எடுத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். மணல் ஆற்று மணலாக இருக்க வேணும். முல்லைத்தீவுக் கரையில் கடல் மணல் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதோடு உப்பையும் சேர்த்துச் சுவருக்குள் ஏற்றுகிறீர்கள். சுவரை நனைத்து, முதல் பூச்சு 10 முதல் 12 மில்லிமீற்றர், அதற்கு மேல் தடிப்பாக ஒரே முறையில் பூசினால் வெடிக்கும். அது இறுகின பிறகு இரண்டாவது. ஒரு கிழமைக்கு நனைந்த சாக்கால் மூடி வைக்க வேணும். மாசி, பங்குனி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இறுகாது, ஆடிச் சோளகக் காற்றில் ஒரு நாளிலேயே காய்ந்து தூளாகும். கடைசியில் பால் போலக் கரைத்த சுண்ணாம்பு நாலைந்து தரம் அடிக்க வேணும், எமல்சன் வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கோ: பிடிக்காது என்று பயந்து மேசன் ஒரு கை சீமெந்தைக் கலவைக்குள் போடுவார். பக்கத்தில் ஆள் நிற்க வேணும்.

கூரையில் பனங்கைமரமும் முதிரைத் தீராந்தியும் (குறுக்கு உத்திரம்) நல்ல நிலையில் இருந்தால் அவை வீட்டை விடப் பெறுமதி. நடுவில் தட்டிப் பார்த்து ஏமாற வேண்டாம், மரம் உக்குவது சுவருக்குள் போகிற நுனியில். பழைய மேசன் அந்த இடத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார். திருத்தினவர் சீமெந்தால் அடைத்திருந்தால் ஸ்குறூ ட்ரைவரால் குத்திப் பாருங்கோ, ஒரு அங்குலம் இறங்கினால் அந்தத் தீராந்தி போய்விட்டது. கறையான் ஏறின மண்கோட்டைச் சுவரில் மட்டும் தேடாமல் சீலிங்குக்கு மேலேயும் தேடுங்கோ. சீலிங் அடித்த பழைய வீடு எனக்குச் சந்தேகம்தான், மறைப்பதற்கு வசதி. காட்டோரத்து வீடென்றால் குரங்குக் கணக்கும் உண்டு. குரங்கு பாய்ந்தால் ஓடு அரங்கும், உடையும், அதைப் பார்க்காமல் விட்டால் அடுத்த மாரியில் அதன் கீழே கைமரம் கறுத்திருக்கும். வருசத்துக்கு ஒரு தரம் புரட்டாதியில் ஓடு மாற்ற ஆள் வேணும், உதிரியாக 200 ஓடாவது வளவில் அடுக்கி வைத்திருக்க வேணும்.

நாற்சார் வீட்டின் உயிர் நடு முற்றம். நாலு பக்கக் கூரையும் அதற்குள்தான் தண்ணீர் விடும். உள்நோக்கிச் சரிகிற கூரையும் முற்றமும் சேர்த்து 100 சதுர மீற்றர் என்று வையுங்கோ. கார்த்திகையில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 10,000 லீற்றர் அந்த முற்றத்துக்குள் வந்து விழும். அதை வெளியே கொண்டுபோக வீட்டுக்குக் கீழால் ஒரு தூம்பு இருக்கும். முற்றத்தை ரைல்ஸ் போட்டு உயர்த்தி, தூம்பை அடைத்து, மேலே கண்ணாடிச் சீற் போடுவது இப்போதைய நாகரிகம். சூடு உள்ளே தங்கும், சீற் இணைப்பால் ஒழுகும், போக்கிடம் இல்லாத தண்ணீர் அறைக்குள் வரும். வீடு பார்க்கப் போகிற நாளில் ஒரு பரல் தண்ணீர், அதாவது 200 லீற்றர், முற்றத்தில் ஊற்றச் சொல்லுங்கோ. வெளியில் எந்த இடத்தால் வருகிறது என்று உங்கள் கண்ணால் பார்க்க வேணும்.

வெளி வாசலுக்கு வந்து படியை எண்ணுங்கோ. அடிப்படி பாதி புதைந்து கிடந்தால் வளவுக்குக் கிரவல் கொட்டி நிலத்தை உயர்த்தியிருக்கிறார்கள். அந்த வீட்டில் சுவர் ஈரத்துக்கு அரைவாசிக் காரணம் அதுதான். சுற்றிவர மதில் கட்டி மழைத்தண்ணீர் போக ஓட்டை விடாததும் அதே வேலையைச் செய்யும்.

தோட்டத்துக்கு வருவோம். வன்னி வளவுக்கு ஒரு வரலாறு உண்டென்றால் அது எது எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. முன்னால் கூட்டிப் பெருக்கின மணல் முற்றம், அதன் ஓரத்தில் செம்பரத்தை, நந்தியாவட்டை, மல்லிகைப் பந்தல். கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வாய்க்காலோரம் வாழை, கமுகு, தேசி. பின்வளவில் மா, பலா, தென்னை, முருங்கை. எல்லையில் கிளுவையும் பூவரசும், மூலையில் வேம்பு. ஒவ்வொன்றும் தண்ணீரைப் பார்த்து வைத்தது. முன்முற்றம் வெறும் மணலாக இருந்ததும் காரணத்தோடுதான்: பாம்பு தெரியும், தண்ணீர் ஊறும், இறைக்கத் தேவையில்லை.

இதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புல்தரையும் இன்ரர்லொக் கல்லும் நீரூற்றும் போட்டால் அது கல்யாண மண்டப முகப்பு. கால் ஏக்கர் புல்லுக்குக் கணக்குப் பாருங்கோ: ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர், வைகாசியிலிருந்து ஆவணி வரை நாளுக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர், ஆக 5,000 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கி ஐந்து, ஒவ்வொரு நாளும். புல்லுக்கு இறைத்து முடிய உங்களுக்குக் குடிக்கக் கிணற்றில் சேறுதான் மிஞ்சும். தை மாதத்தில் எடுத்த படத்தில் வன்னியில் எல்லாம் பச்சைதான். வளவைப் பார்க்க ஆவணி, புரட்டாதியில் போங்கோ.

பழைய கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றால் அதன் அடிமரத்தைப் பாருங்கோ. அடிமரம் நிலத்தோடு சேர்கிற இடத்தில் விரிந்து வேராகத் தெரிய வேணும். தூண் போல நேராக மண்ணுக்குள் இறங்கினால் மேலே மண் கொட்டியிருக்கிறார்கள், வேருக்குக் காற்று இல்லை, இரண்டு மூன்று வருசத்தில் நுனிக்கொப்புக் காயத் தொடங்கும். மரத்தைப் புதுப்பிக்கிறதென்றால் காய் முடிந்த பிறகு, மழைக்கு முன், பட்டதையும் உள்ளே உரசுகிற கொப்பையும் வெட்ட வேணும். ஒரே வருசத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வேண்டாம். பசளையும் தண்ணீரும் அடிமரத்தில் ஊற்றிப் பலனில்லை, கொப்பு நிழல் முடிகிற வட்டத்தில் பாத்தி எடுக்க வேணும். யானை வருகிற பக்கமென்றால் தென்னையும் வாழையும் எல்லை வேலியோரம் வைக்க வேண்டாம், வேலியும் போகும்.

கிணறு. புரட்டாதியில் ஆழம் அளந்து, மோட்டர் போட்டு ஒரு மணித்தியாலம் இறைத்து, அடுத்த நாள் காலையில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பாருங்கோ. தண்ணீர் மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுங்கோ. வவுனியாப் பக்கத்தில் புளோரைட் பிரச்சினை உண்டு, இலங்கைத் தரப்படி குடிநீரில் லீற்றருக்கு 1.0 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது, கூடும். மலசலகூடக் குழி 50 அடிக்குக் கிட்டவாக இருந்தால் அதை இடம் மாற்றுகிற செலவையும் விலையில் கழியுங்கோ. கனகாலம் மூடிக் கிடந்த கிணறு, தோண்டாத பின்வளவு என்றால் ஜேசிபி விடுவதற்கு முன் மாவட்டச் செயலகத்தில் கண்ணிவெடி அகற்றின விபரம் கேட்டு வாங்குங்கோ. சந்தேகமாக ஒன்று தென்பட்டால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கோ.

இவ்வளவும் சரி வந்தாலும் கடதாசி சரி வராவிட்டால் ஒன்றுமில்லை. வன்னியில் பெரும்பகுதி பெர்மிட் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் விற்க முடியாது, நொத்தாரிசு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. உறுதிக்காணி என்றால் தோம்பு (காணிப் பதிவேட்டுப் பிரதி) எடுத்துப் பாருங்கோ. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்தது, பழைய பதிவை அங்கேயும் தேட வேண்டி வரலாம். வேலியை நம்பாமல் நில அளவையாளரைக் கொண்டு எல்லை பிடியுங்கோ, கனகாலம் ஆளில்லாத வளவில் வேலி நகராமல் இருக்காது.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருக்கிறவர் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி காணியைத் தன் பெயரில் வாங்க முடியாது, இரட்டைக் குடியுரிமை வேணும். இதற்குப் பயந்து மச்சான் பெயரில், பெறாமகன் பெயரில் எழுதி வைப்பது பரவலாக நடக்கிறது. சட்டத்தின் முன் அது மச்சானின் வீடுதான். விற்கிறவர் அற்றோணி (உரிமையாளர் தன் சார்பில் விற்க எழுதிக் கொடுத்த அதிகாரம்) மூலம் விற்கிறார் என்றால் அற்றோணி கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதிப்படுத்துங்கோ. அவர் இறந்த நாளோடு அந்த அதிகாரம் முடிந்துவிடும். கனடாவில் இருக்கிற எழுபது எண்பது வயது உரிமையாளர் என்றால் முற்பணம் அனுப்புவதற்கு முன் வீடியோ அழைப்பில் அவர் முகத்தைப் பார்த்துக் கதையுங்கோ, விற்கிற விலையையும் அவர் வாயாலேயே கேளுங்கோ.