பெட்டிக்குள்ள வச்சாலும் ஷூ பழசாகும் மக்கா

ஸ்னீக்கர் சேர்க்கிற நம்ம பயலுகளிடம் ஒரு வழக்கம் உண்டு. வாங்கினதைக் காலில் போடமாட்டார்கள். டிஷ்யூ பேப்பரைக்கூடக் கலைக்காமல் பெட்டியோடு அலமாரி மேல்தட்டில் ஏற்றிவிட்டு, ‘டெட்ஸ்டாக்’, அதாவது கால் படாத புது ஜோடி, என்று மார்தட்டிக்கொள்வார்கள். அரிசோனா பாலைவனத்தில் இருக்கிறவன் அப்படி வைத்தால் சரி, அவன் பாடு. ஜூனில் பிடிக்கிற தென்மேற்கு ஓய்ந்து துணி காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்து நிற்கிற நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் அப்படிப் பூட்டி வைத்தால், அது பாதுகாப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூடிய பெட்டிக்குள் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

என் சித்தி மகன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது ஒரு ஜோடி கொண்டுவந்து அருமனை வீட்டில் வைத்துவிட்டுப் போனான். விசேஷத்துக்குப் போடணுமாம். வருஷங்கள் கழித்து விசேஷம் வந்தது. பெட்டியைத் திறந்தால் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, அப்படியே புதுசு, தோலில் ஒரு மடிப்பு கிடையாது. காலில் மாட்டி ஹாலில் நாலு எட்டு நடந்தான். பின்னாலேயே வெள்ளைத் தூள். அப்பருக்கும் அடி சோலுக்கும் நடுவில் மெத்தையாக இருக்கிற மிட்சோல் பழைய ரஸ்க் மாதிரி உதிர்கிறது. உதிர்ந்ததை விரலில் எடுத்தால் பிசுபிசுக்கிறது. சித்தி வாரியலோடு வந்து நின்று, “ஏம்லே மக்கா, இதுக்கா அவ்வளவு ரூவா குடுத்த?” என்றாள். அவனிடம் பதில் இல்லை. போலி என்று முதலில் சந்தேகப்பட்டான். போலி இல்லை. ஒரிஜினலும் இப்படித்தான் போகும்.

காரணம் எளிது. பழைய மாடலை மறுபடி செய்து விடுகிற ‘ரெட்ரோ’ ஷூக்கள் பலவற்றின் மிட்சோல் பாலியூரித்தேன், சுருக்கமாக பி.யூ. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் பெயரில் நைக்கி விடுகிற ஷூ வரிசையில் ஜோர்டான் 3, 4, 5 எல்லாம் இந்த வகைதான். இதில் பாலியெஸ்டர் அடிப்படையில் செய்த பி.யூ.வுக்குத் தண்ணீர் எதிரி. மழையில் நனைய வேண்டும் என்றுகூட இல்லை, காற்றில் இருக்கிற ஈரப்பதமே போதும். நீர் மூலக்கூறு உள்ளே போய் எஸ்டர் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கும். அறுபடும்போது அமிலம் உண்டாகும், அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுபடுவதை வேகப்படுத்தும். வெக்கையும் கூடினால் கேட்கவே வேண்டாம். இதற்கு ஹைட்ராலிசிஸ் என்று பெயர். வருஷக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. நடக்கிற நாளில்தான் தெரியும்.

காலில் போட்டால் இது நின்றுவிடுமா என்றால், நிற்காது. ஆனால் அவ்வப்போது போட்டு நடக்கிற ஜோடி, பெட்டியில் தூங்குகிற ஜோடியைவிட அதிக நாள் தாங்குவதாகத்தான் சேர்க்கிறவர்கள் அனுபவம். மிதிபடும்போது ஃபோம் அமுங்கி விரிகிறது, உள்ளே தேங்கியது வெளியேறுகிறது. நான் பார்த்த வரை அது சரி.

இதிலே வேடிக்கை என்னவென்றால், நாம் ரப்பர் ஊர்க்காரர்கள். குலசேகரம், திற்பரப்பு, கடையாலுமூடு என்று எந்தப் பக்கம் போனாலும் சிரட்டை கட்டிய மரம்தான். புகைப்புரையில் ஏற்றி உலர்த்தாத ரப்பர் ஷீட் மழைக்காலத்தில் பூசணம் பிடித்துக் கெடும் என்று நம் வீட்டுப் பாட்டாவுக்குத் தெரியும். ஈரம் என்ன செய்யும் என்று தெரிந்த குடும்பத்தில் பிறந்துவிட்டு, ஷூவை மட்டும் காற்று போகாத பெட்டியில் அடைக்கிறோம்.

அதே ரப்பர் சோலுக்கு இந்த வியாதி கிடையாது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி வல்கனைஸ் செய்த ரப்பர் வெயிலாலும் ஆக்சிஜனாலும் மெல்ல வெடிக்கும், இறுகும், ஈரத்தால் பி.யூ. மாதிரி பொடியாகாது. 1985இல் வந்த முதல் ஜோர்டானுக்குக் கிண்ணம் மாதிரி அப்பரைத் தாங்குகிற ரப்பர் கப் சோல். அந்த வருஷத்து ஜோடியில் இன்றைக்கும் உருப்படியாக நிற்கிற சோல்கள் உண்டு. கான்வர்ஸ் சக் டெய்லரும் ரப்பர்தான். மிட்சோலுக்குப் போடுகிற இன்னொரு ஃபோமான இ.வி.ஏ. வேறு ரகம்: அது காலப்போக்கில் அமுங்கித் தட்டையாகும், இப்படி உதிராது. ஆகவே எதை வைக்கலாம், எதைப் போட்டே தீர்க்கணும் என்று முடிவெடுக்கிறதுக்கு முன்னால், அடியில் இருப்பது என்ன என்று பாருங்கள். கலர்வேயை, அதாவது நிறச் சேர்க்கையை, பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

வைத்தே ஆகணும் என்றால், மூடியில் ஓட்டை உள்ள பெட்டி, சுவரை ஒட்டாத தட்டு, மாசத்துக்கு ஒரு தடவையாவது வெளியே எடுத்துக் காற்றாட விடுவது. உள்ளே போடுகிற சிலிக்கா ஜெல் பாக்கெட் கொஞ்ச நாளில் ஈரம் குடித்து நிறைந்துவிடும். அதற்கப்புறம் அது வெறும் மணல். அதற்காகக் கிலோக்கணக்கில் கொட்டவும் கூடாது. ஒரேயடியாக உலர்ந்தால் பசையும் தோலும் விறைத்துப் பிளக்கும்.

இனி சுத்தம் செய்கிற கதை. வெளிநாட்டு வீடியோவில் ஷூவை நுரையில் முக்கி எடுக்கிறார்கள், பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. அவன் ஊரில் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். ஆடி மாசத்தில் மார்த்தாண்டத்தில் முக்கி எடுத்தால் மூன்று நாள் ஆனாலும் உள்ளே நாற்றம்தான் மிச்சம். நம்ம ஊரில் தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வாஷிங் மெஷின் பக்கமே போகாதீர்கள்.

நம்ம செம்மண்ணுக்கு என்று ஒரு முறை இருக்கிறது. அது இரும்புச் சத்துள்ள மண், நிறம் ஆக்சைடின் நிறம். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் மெஷ் துணியின் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அந்த இளஞ்சிவப்பு போகவே போகாது. எரிச்சலை அடக்கிக்கொண்டு முழுசாகக் காய விடணும். லேஸையும் இன்சோலையும் கழற்றிவிட்டு, உலர்ந்த பிரஷால் தட்டித் தட்டி உதிர்க்கணும். முக்கால்வாசி வேலை அதிலேயே முடியும். மிச்சத்துக்குத்தான் தண்ணீர்: கிண்ணத்தில் கொஞ்சம், அதில் மைல்டான சோப்பு லிக்விட் சில சொட்டு. அடி சோலுக்குக் கெட்டியான நைலான் பிரஷ், அப்பருக்குக் குதிரைமுடி பிரஷ். பிரஷை உதறிவிட்டு நுரையால் மட்டும் தேய்த்து, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்கணும். மேலே மெல்லிய பூமயிர் உள்ள ஸ்வேடு தோலுக்கு இந்தத் தண்ணீரும் வேண்டாம். அழிரப்பரும் உலர் பிரஷும் போதும்.

காயவைக்கும்போது ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வெள்ளைத் துணி ஷூவைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால், மறுநாள் ஓரமெல்லாம் மஞ்சள் கோடு. அழுக்குப் போகவில்லை என்று மறுபடி தேய்ப்பார்கள், மறுபடி மஞ்சள். சோப்பின் மிச்சமும் உள்ளே ஊறிய அழுக்கும் தண்ணீரோடு மேலே ஏறி, தண்ணீர் ஆவியாகிற இடத்தில் தங்குகிறது. ஈரத்தோடு இருக்கும்போதே வெள்ளை டிஷ்யூவை ஷூ மேல் முழுக்க ஒட்டி, மூக்கு, தையல் ஓரம் எல்லாம் விரலால் அழுத்தி, ஃபேனுக்கு அடியில் வையுங்கள். மஞ்சள் டிஷ்யூவில் ஏறும், ஷூ வெள்ளையாக நிற்கும். உரிக்கும்போது அந்தப் பேப்பரில் தெரிகிற கறையைப் பார்ப்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது, செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே திணிக்கவும் வெள்ளைத் தாள்தான், செய்தித்தாள் மை லைனிங்கில் ஒட்டும். ஹேர் டிரையரும் நேர் வெயிலும் பசையை விடச் செய்யும்.

பூசணம் பிடித்திருந்தால் வீட்டுக்குள் வைத்துத் தட்டாதீர்கள், முற்றத்துக்குப் போங்கள். உலர்ந்த பிரஷ், பிறகு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி. சாயம் போகிறதா என்று உள்பக்கம் தேய்த்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். தேங்காய் எண்ணெய் போட்டால் தோல் மின்னும் என்று நம்ம வீட்டில் யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். மின்னும். அப்புறம் கறுக்கும், சிக்கடிக்கும், ரப்பரில் பட்டால் ரப்பரும் ஊதும். பற்பசை சுரண்டும். குளோரின் பிளீச் வெள்ளையைக்கூட மஞ்சளாக்கும்.

மஞ்சளித்த சோலை வெளுப்பாக்குகிற வித்தை வேறு. 1995இல் வந்த ஜோர்டான் 11இன் ஊடுருவித் தெரிகிற சோல் ஞாபகம் இருக்கும், அந்த ரகம்தான் சீக்கிரம் மஞ்சளிக்கும். பியூட்டி பார்லர் சாமான் கடையில் முடிக்குச் சாயம் கலக்குகிற டெவலப்பர் கிரீம் கிடைக்கும். 40 வால்யூம் என்றால் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கையுறை போட்டு, அப்பரை டேப்பால் மறைத்து, சோலில் தடவி, கிரீம் காயாதபடி பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றி வெயிலில் வைக்கணும். அல்ட்ராவயலட் பட்டால்தான் வேலை நடக்கும். நடுவே திருப்பி வைக்காவிட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? பங்குனி வரைக்கும் பொறுங்கள். இவ்வளவு செய்தாலும் மஞ்சள் திரும்பி வரும், அடிக்கடி செய்தால் சோல் இறுகும். என்னைக் கேட்டால் லேசான மஞ்சளை விட்டுவிடலாம். பழைய ஜோடி பழசாகத் தெரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

‘விலை போய்விடும்’ என்பார்கள். 2020 மே மாதம் சோத்பீஸ் ஏலத்தில் 1985இன் ஏர் ஜோர்டான் 1 ஜோடி ஒன்று 5,60,000 டாலருக்குப் போனது. 2023 ஏப்ரலில் 1998 என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிப் போட்டியில் மைக்கேல் ஜோர்டான் போட்ட ஜோர்டான் 13, 22 லட்சம் டாலரைத் தாண்டியது. ரெண்டுமே மைதானத்தில் ஓடி வேர்வை குடித்த ஷூக்கள். ஆமாம், ஜோர்டானுடைய கால், நம்ம கால் இல்லை. ஆனாலும் போட்டுத் தேய்ந்தாலே மதிப்புப் போச்சு என்கிற வாதம் அங்கேயே உடைகிறது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். உதிர்ந்த மிட்சோலில் சொட்டு விட்டதும் பிடிக்கிற பசையைப் பூசி, மேலே பெயிண்ட் அடித்து, ‘ஒரு தடவைதான் போட்டது’ என்று போட்டோ போட்டு விற்கிறார்கள். அந்தப் பசை கண்ணாடி மாதிரி இறுகும், முதல் மடிப்பிலேயே விடும். பொடியான பி.யூ.வை ஒட்ட முடியாது. சோல் ஸ்வாப் ஒன்றுதான் வழி: அதே மாடலின் புது ரெட்ரோவில் இருந்து சோலைக் கழற்றி, பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி, ரெண்டு பக்கமும் பசைச் சொல்யூஷன் தடவி, கை ஒட்டுகிற பதம் வரும் வரை விட்டு, அமுக்கி ஒட்டுவது. நல்ல வேலை, மரியாதையான வேலை. செய்திருந்தால் விற்கும்போது அதைச் சொல்லிவிட்டு விலை சொல்லுங்கள், வாங்குகிறவனும் தெரிந்து வாங்கட்டும்.

சித்தி மகனுடைய அப்பர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, பழைய சாமான் எடுக்கிற ஆக்கர் கடைக்குப் போட மனசு வரவில்லை. களியக்காவிளை, பாறசாலை பக்கம் கப் சோல் ஒட்டித் தைக்கத் தெரிந்த செருப்புக்கடை அண்ணன் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்க்கிறேன்.