25 பின் என்றால் எல்லாம் ஒன்றா?

நேற்று வந்த வில்லுப்பாட்டுக் குழுவைப் பதிவு செய்யாமலே திருப்பி அனுப்பிவிட்டேன். எல்லாம் ஒரு கேபிளால். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். வில், குடம், உடுக்கை, ஜால்ரா, பாட்டு, பின்பாட்டு எல்லாம் சேர்த்து எட்டு மைக். மைக் ஒலியைப் பெருக்கும் பிரீஆம்ப்பின் பின்பக்கத்திலிருந்து எட்டும் ஒரே 25 பின் டி-சப் கனெக்டர் வழியாகத்தான், ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் இன்டர்ஃபேஸுக்குப் போகின்றன. இருந்த கேபிள் முந்தின நாள் சாயங்காலம் செத்துப்போனது. ஜங்ஷனில் ஒரு கடைக்கு ஓடினேன்.

"ஜோடி ஜோடியா முறுக்கின வயர்தான அண்ணாச்சி?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

"25 பின்னுன்னா எல்லாம் ஒண்ணுதான் தம்பி. ஆடியோ கேபிள்தான், தைரியமா கொண்டு போங்க."

கனெக்டர் தலை வார்ப்பு ரப்பர். திறந்து பார்க்க வழியில்லை. நம்பி வாங்கினேன்.

காலையில் வில்லுப்பாட்டுக் குழுவின் புலவர் அண்ணாச்சி குடத்தில் ஒரு தட்டுத் தட்டினார். உடுக்கைத் தடத்தில் மீட்டர் துள்ளுகிறது! பாட்டைத் தனியாகக் கேட்டால் பின்னால் ஜால்ரா கிணுகிணுக்கிறது. மைக்கை நகர்த்தினேன், நடுவில் தடுப்பு வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மதியம்வரை ஆறு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கொடை சீசனில் அவர்களுக்கு ஒரு நாள் என்றால் என்னவென்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

ராத்திரி கேபிளின் உறையைக் கிழித்துப் பார்த்தேன். மயிர் மாதிரி 25 வயர், முறுக்கே இல்லாமல் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. மொத்தத்துக்கும் மேலே ஒரே ஒரு வெள்ளித் தாள். கம்ப்யூட்டருக்கான டேட்டா கேபிள்! ஜோடி முறுக்கு இல்லாவிட்டால் ஒரு சேனல் பக்கத்துச் சேனலில் கசியாமல் என்ன செய்யும்?

எந்தப் பின்னில் எது என்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. எட்டு சேனல், ஒவ்வொன்றுக்கும் ஹாட், கோல்டு என்று இரண்டு சிக்னல் வயர், ஒரு கிரவுண்டு, ஆக 24 பின். 13ஆம் பின் காலி. முதல் சேனலின் ஹாட் 24ஆம் பின்னில், கோல்டு 12இல், கிரவுண்டு 25இல். டாஸ்காம் கம்பெனியின் இந்த வரிசையை, ஆடியோ பொறியாளர்கள் சங்கமான ஏஇஎஸ் ஏஇஎஸ்59 என்று 2012இல் தரமாகவே வெளியிட்டுவிட்டது. இதே கனெக்டரில் டிஜிட்டல் ஆடியோ வந்தால் டாஸ்காமுக்கு ஒரு வரிசை, யமஹாவுக்கு வேறொரு வரிசை. எந்த வரிசை என்று ஒரு வரி கேபிளில் அச்சடித்து ஒட்ட என்ன செலவாகும்? திருகாணியிலும் இதே கதைதான். சில கருவிகளில் மில்லிமீட்டர் அளவான எம்3, சிலவற்றில் அங்குல அளவான 4-40. தெரியாமல் முடுக்கினால் மரைதான் போகும்.

அப்புறம், தினமும் கழற்றி மாட்டும் இடத்துக்கும் இந்த டி-சப்பையே தலையில் கட்டுகிறார்களே, அது எந்த ஊர் நியாயம்? ஊசி மாதிரிப் பின்கள், ஒரு தடவை கோணலாக அழுத்தினால் வளைந்துவிடும். ரேக்குக்குப் பின்னால் ஒரு தடவை மாட்டி விட்டுவிடுகிற இடத்துக்குத்தான் அது சரி. கழற்றி மாட்டுவதற்கு ஈடாக் என்கிற 56 பின் கனெக்டர் வேண்டும், 16 சேனல் தாங்கும். விலை கூடத்தான். அதைச் சொல்லி விற்றால் வாங்கிக்கொள்ள மாட்டோமா?

இப்போது நல்ல எட்டு ஜோடி கேபிள் ஒன்றை வெட்டி நானே பற்றவைத்துக்கொண்டிருக்கிறேன். பின்னுக்குப் பின் மூன்று மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லை. இரண்டு முனைக்கும் சேர்த்து 48 பற்று. 31 முடிந்திருக்கிறது. காலை ஏழு மணிக்குப் புலவர் அண்ணாச்சி மறுபடியும் வருகிறார்.