வால்வு லீக்க வேகமா ஓட்டி சரி பண்ண முடியுமா?

"எஞ்சின் வால்வு லீக்கா, பயப்படாதீங்க, கெட்டி ஆயில் ஊத்தி நல்லா வெரட்டி ஓட்டுங்க, தானா அடைச்சுக்கும்"னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. தப்புங்க.

வால்வுங்கிறது சிலிண்டருக்குள்ள காத்தும் பெட்ரோலும் வர, எரிஞ்ச புகை வெளிய போக தொறந்து மூடுற கதவு. அந்த வால்வும் அது உக்கார்ற சீட்டும் உலோகத்தோட உலோகம் ஒட்டித்தான் சீல் ஆகுது, நடுவுல ஆயிலுக்கு வேலையே இல்ல, அப்புறம் கெட்டி ஆயில் எதை அடைக்கும்? புகைய வெளிய விடுற எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டுல பெரும்பகுதிய மூடியிருக்கப்ப சீட் வழியாத்தான் எறக்குது, அங்க சின்ன இடைவெளி விழுந்தா எரியுற வாயு அது வழியா பீய்ச்சிட்டு போயி வால்வு ஓரத்தையே அரிச்சிரும், வெரட்ட வெரட்ட ஓட்டை பெருசாகும். மிஸ்ஃபயர் ஆகி, அதாவது சிலிண்டர்ல சரியா எரியாம, எரியாத பெட்ரோல் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்ல போயி எரிஞ்சா அது உருகிப்போகவும் வாய்ப்பிருக்கு, அது தனி தண்டம்.

இந்த கதை எங்கேருந்து வந்திருக்கலாம்னா, வால்வோட தண்டு வழியா ஆயில் உள்ள எறங்காம தடுக்க வால்வு ஸ்டெம் சீல்னு ஒரு ரப்பர் சமாச்சாரம் இருக்கு, அது தேஞ்சா காலைல ஸ்டார்ட் பண்றப்ப நீலப்புகை வரும், அதுக்கு ஆயில் லெவல் பாத்து டாப்-அப் பண்ணிட்டே கொஞ்ச நாள் ஓட்டலாம். ரெண்டையும் போட்டு குழப்பிட்டாங்க போல.

வால்வுதான் லீக்கான்னு தெரியணும்னா மெக்கானிக்க லீக்-டவுன் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, பிஸ்டன மேல நிறுத்தி ஸ்பார்க் பிளக் ஓட்டைல காத்து ஏத்துவாங்க, சைலன்ஸர்ல காது வெச்சா உஸ்ஸுனு கேக்குதா, எக்ஸாஸ்ட் வால்வு போச்சு. ஆயில் ஊத்துற மூடிகிட்ட கேட்டா, பிஸ்டன சுத்தி காத்து கசியாம அடைக்கிற பிஸ்டன் ரிங் போச்சு. ஆரம்பத்துலயே புடிச்சா சில வண்டில வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அத அமுக்குற பாகத்துக்கும் நடுவுல விடுற இடைவெளி, அட்ஜஸ்ட் பண்ணாலே சரியாயிடும், வால்வு கருகிட்டா எஞ்சின் மேல வால்வு இருக்குற ஹெட்ட கழட்டாம வேற வழியில்ல.