ஊட்டியில் பிரஸ்ஸுக்குப் பலம் குறையாது

மேலே ஒரு அண்ணன், "ஊட்டியில காத்தழுத்தம் கம்மி, ஹைட்ராலிக் பிரஸ் முழு பலம் குடுக்காது, இரும்புத்தூள் வில்லை உடையறது அதனாலதான்" என்று போட்டிருக்கிறார். காற்றழுத்தம் கம்மி என்பது சரி. மற்றது தப்பு.

2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. 13 மி.மீ. விட்டமுள்ள டையின் (தூளைப் போட்டு அழுத்தும் அச்சு) பரப்பில் அந்த வித்தியாசம் 300 கிராம் சொச்சம். நாம் ஏற்றுவதோ 10 டன்!

வில்லை உடைந்தால் முதலில் டையின் அளவைப் பாருங்கள். 10 டன் ஏற்றினால் 13 மி.மீ. டையில் சதுர மி.மீ.க்கு 75 கிலோ விழும், 32 மி.மீ. டையில் 12 கிலோதான். டயலில் 10 டன் என்று பார்த்துவிட்டு இதை மறந்துவிடுகிறோம்.

மலையைக் குறை சொல்வதென்றால் மூடுபனியைச் சொல்லுங்கள். திறந்து வைத்த தூள் ஈரம் குடித்துக் கட்டியாகும். டையின் உள்சுவரில் பழுப்பாக ஒரு துருப்புள்ளி போதும், வெளியே தள்ளும்போது வில்லையில் கோடு விழுந்து அங்கேயே விரியும். தூள் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள். டைச் சுவரில் வில்லை வழுக்கி வர ஜிங்க் ஸ்டியரேட் மெல்லிசாகத் தடவுங்கள். மேல்பகுதி தொப்பி மாதிரி கழன்று வந்தால் அழுத்தத்தை இறக்கும் வால்வைச் சட்டென்று திறந்திருப்பீர்கள். மெதுவாக இறக்குங்கள்.

ஜனவரிக் காலையில் பிரஸ்ஸின் கைப்பிடி கனப்பது உள்ளே இருக்கும் எண்ணெய் குளிரில் கெட்டிப்படுவதால். அதற்கும் காற்றழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று: அழுத்திய வில்லை உலோகக் கட்டி ஆகிவிடாது. உலையில் சுட்டால்தான் துகள்கள் ஒட்டும். இரும்புக்கு 1,100 டிகிரிக்கு மேல், அதுவும் ஆக்சிஜன் படாமல்.